சாலையில் இறந்த ஊர்வனவற்றைக் கண்டறிதலும் பாதுகாத்தலும்

காஞ்சிபுரம் வட்டாரப் பாடசாலைகளுக்கும் கிராம சங்கங்களுக்கும் உரிய பாடம்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குச் செல்வோர் அங்குள்ள தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்காமல் திரும்புவதில்லை. அந்நகரிலுள்ள கச்சபேஸ்வரர் கோயிலின் பெயரோ, திருமால் ஆமை வடிவங்கொண்டு சிவபெருமானை வழிபட்டார் என்னும் புராண வரலாற்றிலிருந்து எழுந்தது. கச்சபம் என்பது ஆமைக்கு வடமொழிப் பெயர். பல்லி, ஆமை, பாம்பு, உடும்பு, ஓணான் ஆகிய யாவும் ஊர்வன என்னும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. கோயிலினுள் இத்துணை மதிப்புப் பெற்ற வகுப்பைச் சேர்ந்த பிராணியொன்று வாலாஜாபாத் சாலையிலோ உத்திரமேரூர்ச் சாலையிலோ சக்கரத்தின் கீழ் அகப்பட்டு நசுங்கிக் கிடக்குமாயின், அதனை நின்று நோக்குவோர் மிகச் சிலரே.

அவ்வாறு இறந்து கிடக்கும் பிராணியால் கிராமத்துக்கு விளையும் பயன் யாது, அதனைத் தேடுவது எவ்வாறு, குறிப்பது எவ்வாறு, எவரிடம் அறிவிப்பது, அறிவியல் நிலையங்களில் அது கெடாமல் வைக்கப்படுவது எங்ஙனம் என்பவை இப்பாடத்தில் முறையாகக் கூறப்படுகின்றன.

1. இதனால் ஆகும் பயன்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. இது சராசரியாக ஆண்டொன்றுக்கு 58,000 பேராகும். மாண்டவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். தமிழ்நாட்டு அரசாங்கம் 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் வரிசையில் சேர்த்தது. ஆயினும், தம் ஊரில் எந்தப் பாம்பு எந்த மாதத்தில் எந்த இடத்தில் நடமாடுகிறது என்று கேட்டால் விடை கூறக்கூடிய கிராமங்கள் அரியனவாகவே உள்ளன.

உயிருள்ள பாம்பை அருகில் சென்று ஆராய்தல் ஆபத்து. ஆராய்வதற்காகக் கொல்லுதல் குற்றம். சாலையில் முன்னரே இறந்து கிடப்பதொன்றே, எவருக்கும் எப்பிராணிக்கும் புதிய தீங்கின்றி அறிவைத் தரக்கூடியது. அது கிடந்த இடம், நாள், நேரம், இனம் ஆகிய நான்கும் எழுதப்படுமாயின், பல ஆண்டுகளில் அவை ஒன்றுசேர்ந்து அவ்வூருக்கே உரிய ஒரு பாம்புப் பஞ்சாங்கம் ஆகின்றன.

இவ்வாறு இறந்த உடல்களைக் கொண்டே இந்நாட்டுப் பாம்புகளைப் பற்றிய அறிவு வளர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை நூல் வல்லுநராக 1785-ல் நியமனம் பெற்ற பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர், சோழமண்டலக் கரைப் பகுதிகளில் கிடைத்த பாம்புகளை ஆராய்ந்து, அவற்றின் படங்களையும் தெலுங்கு ஊர்ப்பெயர்களையும் சேர்த்து 1796-ல் பெரிய நூலொன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே, 1797-ல், கண்ணாடி விரியனுக்கு அவர் பெயரால் அறிவியற் பெயர் இடப்பட்டது. பின்னர், மக்கள் அடித்துக் கொண்டுவந்த பாம்புகளை அளந்தும் அறுத்தும் பார்த்தே பிராங்க் வால் என்னும் படை மருத்துவர் அவற்றின் உணவு, முட்டைகளின் எண்ணிக்கை, இனப்பெருக்க காலம் ஆகியவற்றை எழுதி வைத்தார். அண்மைக் காலத்தில், ஆனைமலைச் சாலைகளில் நசுங்கி இறந்த தவளைகளையும் ஊர்வனவற்றையும் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2001-ல் வெளியாயிற்று. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து எளிதில் கண்ணிற் படாத பிராணிகளும் மழைக்காலத்தில் சாலையைக் கடக்கையில் இறக்கின்றன என்பதை அத்தகைய கணக்குகள் புலப்படுத்தின.

2. தேடும் காலமும் இடமும்

ஊர்வன தம் உடற்சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் அற்றவை. பகலில் வெயில் பட்ட தார்ச்சாலை இரவிலும் நெடுநேரம் சூடாக இருப்பதால், பாம்புகள் அதன்மேல் வந்து படுப்பதுண்டு. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தவளைகள் திரளாகச் சாலையைக் கடக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து தண்ணீர்ப் பாம்பும், தவளையை விரும்பியுண்ணும் பிற பாம்புகளும் வருகின்றன. வளைகளில் நீர் புகுவதால் வெளியேறும் பாம்புகளும் அக்காலத்தில் மிகுதி. தை மாத அறுவடைக்குப் பின் நெல்லையும் வைக்கோலையும் சாலையோரங்களில் உலர்த்துமிடங்களுக்கு எலி வரும்; எலியை நாடிச் சாரையும் நல்ல பாம்பும் வரும். கோடையில் முட்டையிலிருந்து வெளிவரும் குட்டிகள் ஆனி, ஆடி மாதங்களில் இறந்து கிடக்கக் காணலாம்.

இடங்களைப் பொறுத்தவரை, ஒருபுறம் ஏரியும் மறுபுறம் வயலும் அமைந்த சாலைப் பகுதிகள் முதன்மையாகக் கவனிக்கத்தக்கவை. ஏரி நிரம்பும் காலத்திலும் வற்றும் காலத்திலும் ஆமைகள் அங்கே கடந்து செல்லும். வேலிக்காத்தான் புதர், கற்குவியல், செங்கற்சூளை, மதகு, வாய்க்காற் பாலம் ஆகியவற்றை ஒட்டிய இடங்கள் அடுத்தபடியாகக் கருதத்தக்கவை. பாலாற்றங்கரையை ஒட்டிய சாலைகளில் உடும்பும் காணப்படலாம்.

தேடுவதற்கேற்ற பொழுது விடியற்காலை. சூரியோதயத்திற்குப் பின் காகமும் பருந்தும் நாயும் இறந்த உடலை எடுத்துச் சென்றுவிடும். சிறு பாம்பாயின் சில மணி நேரத்தில் அடையாளமே இல்லாமற்போகும். வண்டியில் விரைந்து செல்வோர் கண்ணுக்குப் பெரிய சாரை மட்டுமே தென்படும். புழுவை ஒத்த செவிப்பாம்பும் ஓணான் குஞ்சும் நடந்து செல்வோர்க்கே புலனாகும். ஆதலால் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கிராமச் சாலையொன்றைத் தேர்ந்து, வாரத்தில் குறித்த ஒரே நாளில், ஒரே நேரத்தில் நடந்து பார்ப்பது, கண்ட நாளில் கண்ட இடத்தில் பார்ப்பதைவிட மிகுந்த பயன் தரும். ஒன்றும் கிடைக்காத நாளிலும் "ஒன்றுமில்லை" என்று எழுதுதல் வேண்டும். ஒன்றுமில்லாத நாட்களும் கணக்கிற் சேர்ந்தால்தான், கிடைத்த நாட்களின் சிறப்பு விளங்கும்.

சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் இத்தேடுதலை எக்காரணத்தாலும் மேற்கொள்ளலாகாது. பாம்பைக் கொன்ற வண்டி, குனிந்து நிற்கும் பிள்ளையையும் கொல்லும். கிராமச் சாலையிலும் உபாத்தியாயரோ வயதுவந்தவரோ உடனிருத்தல் வேண்டும். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தவாறு சாலையின் வலப்புற ஓரமாக நடத்தல் வேண்டும். வெளிறிய நிற உடை அணிதல் வேண்டும். ஒருவர் குறிப்பெழுதுகையில் மற்றொருவர் சாலையையே கவனித்து நிற்றல் வேண்டும்.

3. இறந்த பாம்பும் கடிக்கும்

இப்பகுதியை மாணவர் இருமுறை படித்தல் நலம். பாம்பு இறந்த பின்னரும், அதன் தலையிலுள்ள நரம்புகளும் தசைகளும் சில மணி நேரம் வரை தூண்டுதலுக்கு இசைந்து அசையக்கூடும். நச்சுப்பையில் நஞ்சும் இருக்கும். தலையைத் தொட்ட மாத்திரத்தில் வாய் மூடிக்கொண்டு பற்கள் பதியலாம்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. அசாம் மாகாணத்தில் நிகழ்ந்த மூன்று சம்பவங்களை 2025-ல் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். ஒருவர் தாம் தலையை வெட்டிய நாகத்தின் உடலை அப்புறப்படுத்துகையில் கட்டைவிரலிற் கடிபட்டார். வயலில் உழுத மற்றொருவரின் டிராக்டர்ச் சக்கரம் நாகமொன்றின்மேல் ஏறியது. வேலை முடிந்து அவர் இறங்கியபோது, இறந்ததென்று எண்ணப்பட்ட அதுவே அவர் பாதத்திற் கடித்தது. மூன்றாமவர், கொன்று கொல்லையில் எறியப்பட்டிருந்த கருநிற விரியன் வகைப் பாம்பின் தலையைக் கையிலெடுத்துக் கடிபட்டார்; அப்பாம்பு இறந்து அப்போது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மூவரும் சிகிச்சையால் உயிர் பிழைத்தனர். சக்கரத்தில் அகப்பட்ட பாம்பைப் பற்றிய இப்பாடத்துக்கு அவ்விரண்டாவது சம்பவம் நேர்ச் சான்றாகும்.

ஆகவே பின்வரும் விதிகள் மீறத்தகாதவை. இறந்தது போலக் கிடக்கும் எந்தப் பாம்பையும் குறைந்தது இரண்டு பாம்பு நீளத் தொலைவில் நின்றே முதலிற் பார்த்தல் வேண்டும். சிறு பிள்ளைகள் அருகே வரலாகாது. கையாலோ காலாலோ சிறு குச்சியாலோ புரட்டலாகாது. தலை நசுங்கியிருப்பினும் தலையிருக்கும் பக்கம் கை செல்லலாகாது. உலர்ந்த நச்சுப்பல்லிலும் நஞ்சின் வலிமை நெடுங்காலம் எஞ்சியிருக்கும். எலும்புக்கூட்டைக் கையாள்வோரும் இதனை மறத்தல் கூடாது. பல்லி, ஆமை முதலியவற்றின் உடலில் குடல் நோயை விளைவிக்கும் நுண்ணுயிர்கள் இருக்கக்கூடுமாதலால், தொட நேர்ந்தவர் சவுக்காரமிட்டுக் கைகழுவுதல் அவசியம்.

கடி நேர்ந்துவிடின், இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஆகிய எதனையும் செய்யாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். கடித்த பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுசெல்லத் தேவையில்லை. இந்நாட்டில் வழங்கும் நச்சுமுறி மருந்து, நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது. அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சைப் பெருமளவில் அளித்து வருவது, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் தொடங்கப்பெற்ற இச்சங்கத்தினர் பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்துத் திரும்பக் காட்டில் விடுகின்றனர். அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

4. சட்டம் கூறுவது

இறந்த பிராணி எவருக்கும் உரியதன்று, எடுத்தவர்க்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 39-ஆம் பிரிவின்படி, இறந்து கிடக்கக் காணப்பட்ட வனஉயிரினமும் தவறுதலாகக் கொல்லப்பட்ட வனஉயிரினமும் அரசாங்கத்தின் உடைமையாகும். அத்தகையது எவ்வகையிலேனும் ஒருவர் கையில் வருமாயின், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அதிகாரியிடமோ அறிவித்து, கேட்டால் ஒப்படைத்தல் வேண்டும். அச்சட்டம் 2022-ல் திருத்தப்பெற்று, திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உடும்பும் மலைப்பாம்பும் மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற முதல் அட்டவணையில் உள்ளவை. இறந்த உடும்பின் இறைச்சியையோ தோலையோ மருந்தென்று கருதி எடுத்துச் செல்வோர், அதனைத் தாம் கொல்லவில்லை என்று கூறுவதால் மட்டும் தப்ப இயலாது.

எந்த இனம் எந்த அட்டவணையில் உள்ளது என்பதைப் பயிற்சியில்லாதவர் அறிதல் அரிது. ஆதலால் எல்லாக் காட்டுப் பிராணிகளுக்கும் ஒரே நெறியைக் கொள்ளுதல் நன்று. கண்டவர் எடுக்கலாகாது, நின்ற இடத்திலிருந்தே படமும் குறிப்பும் எடுத்து, வனத்துறைக்குச் சொல்லியனுப்புதல் வேண்டும். உடலை வைத்துப் பதப்படுத்தும் உரிமை, தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி பெற்ற கல்லூரிகளுக்கும் காட்சிசாலைகளுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்குமே உண்டு. படம் எடுப்பதற்கும் குறிப்பெழுதுவதற்கும் அனுமதி வேண்டியதில்லை. கிராமப் பாடசாலை செய்யக்கூடிய பெரும்பணி இதுவே.

ஊராரின் மனத்தையும் கருதுதல் வேண்டும். நல்ல பாம்பு இறந்து கிடப்பின் அதன்மேல் பால் தெளித்து, காசு வைத்து, அடக்கமோ தகனமோ செய்யும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னும் உண்டு. அவ்வழக்கத்தை ஏளனம் செய்தலால் பாடசாலைக்கு விரோதமே மிஞ்சும். படமும் அளவும் எடுக்கச் சிறிது நேரம் தருமாறு பெரியவர்களிடம் பணிவுடன் கேட்பின் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். படம் எடுத்தபின் அவ்வுடல் மண்ணுக்குச் செல்வதால் அறிவுக்கு நஷ்டம் சிறிதே.

5. குறிப்பெடுக்கும் முறை

காஞ்சிப் பட்டுச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நிறமாயினும், கோர்வை முறையால் ஓரிழையும் விலகாமல் பிணைக்கப்படுகின்றன. கோர்வை பிரிந்தால் சேலையின் மதிப்பு அங்கேயே குறையும். பிராணியின் உடலுக்கும் குறிப்புச் சீட்டுக்கும் உள்ள உறவும் அத்தகையது. சீட்டில்லாத பாம்பு ஜாடியிலுள்ள வேடிக்கைப் பொருள்; சீட்டுள்ள பாம்போ நூறாண்டுக்குப் பின்னும் சாட்சி சொல்லும்.

குறிப்பில் அடங்க வேண்டியவை: வரிசை எண், நாளும் நேரமும், ஊர், சாலை, அருகிலுள்ள கிலோமீட்டர்க் கல் அல்லது கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, இருபுறமும் உள்ள நிலத்தின் தன்மை, முந்திய இரவு மழை பெய்ததா என்பது, ஊரார் வழங்கும் பெயர், உடலின் நிலை, அதாவது புதியதா, வீங்கியதா, உலர்ந்ததா என்பது, பார்த்தவர் பெயர்.

படங்கள் ஐந்து வேண்டும். முழு உடல் ஒன்று. தலையின் மேற்புறம் ஒன்று. தலையின் பக்கவாட்டு ஒன்று. நடுமுதுகின் செதிள்கள் தெளிவாகத் தெரியுமாறு ஒன்று. வயிறு மேலாகக் கிடப்பின் வாலின் அடிப்புறம் ஒன்று. உடலுக்குப் பக்கத்தில் அடிக்கோலை வைத்துப் படமெடுத்தால் அளவும் கிடைத்துவிடும். நிறத்தை அப்பொழுதே எழுதிவிடுதல் வேண்டும். இறந்த சில மணி நேரத்தில் நிறம் மங்கும், பதத் திரவத்தில் மேலும் மாறும். பச்சைப் பாம்பு திரவத்தில் இட்டபின் மஞ்சள் நிறப்பொருள் கரைந்துபோக நீலமாகத் தோற்றமளிப்பதைக் காட்சிசாலைகளிற் காணலாம். வயிறு பிளந்து முட்டையோ இரையோ வெளிப்பட்டிருப்பின் அதனையும் குறித்தல் வேண்டும். தாமாக அறுத்துப் பார்த்தல் கூடாது.

6. இனம் அறியும் குறிகள்

உயிருள்ளபோது துணையாகும் குறிகள் இறந்தபின் உதவா. நல்ல பாம்பு இறந்தபின் படம் விரிக்காது. ஆதலால் அதனைச் சாரை என்று மயங்குவோர் பலர். சாரைக்குக் கண் பெரிது. உதட்டுச் செதிள்களின் ஓரங்களில் கருங்கோடுகள் உண்டு. நல்ல பாம்பின் கழுத்துப் பின்புறத்தில் மூக்குக்கண்ணாடி போன்ற குறி, தோல் சுருங்கிய நிலையிலும் செதிள்களைக் கவனித்தால் பெரும்பாலும் தென்படும்.

கட்டு விரியனுக்கும் தீங்கற்ற ஓநாய்ப் பாம்புக்கும் உள்ள மயக்கமே மிகவும் ஆபத்தானது. இரண்டும் கருமை கலந்த உடலில் வெண்பட்டைகள் உடையவை. இரண்டும் இரவில் வீடுகளுக்குள் வருபவை. வேற்றுமைகள் மூன்று. கட்டு விரியனின் முதுகு நடுவே ஒரு வரிசைச் செதிள்கள் மற்றவற்றினும் பெரியனவாய் அறுகோண வடிவில் இருக்கும். ஓநாய்ப் பாம்புக்கு அவ்வாறில்லை. வளர்ந்த கட்டு விரியனின் பட்டைகள் தலையிலிருந்து சிறிது தள்ளித் தொடங்கி, வால்புறம் தெளிவாக இருக்கும். ஓநாய்ப் பாம்பின் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால்புறம் மங்கிவிடும். கட்டு விரியனின் வாலடிச் செதிள்கள் ஒற்றையாகவும், ஓநாய்ப் பாம்பினுடையவை இரட்டையாகவும் அமைந்திருக்கும்.

கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலி போன்ற மூன்று வரிசைக் கரும்புள்ளிகள் உண்டு. முக்கோணத் தலையின்மேல் நுண்செதிள்கள் நிறைந்திருக்கும். அதனை ஒத்துத் தோன்றும் மண்ணுளிப் பாம்பின் வால் மிகக் குட்டையானது; அதன் புள்ளிகள் ஒழுங்கின்றி ஒன்றோடொன்று கலந்திருக்கும். தண்ணீர்ப் பாம்பின் கண்ணுக்குக் கீழே சாய்வான இரு கருங்கோடுகள் காணப்படும்.

உடல் நசுங்கி எக்குறியும் தெளிவாகாவிடின் "இனம் தெரியவில்லை" என்றே எழுதுதல் வேண்டும். ஊகித்து எழுதிய பெயர் கணக்கு முழுவதையும் கெடுக்கும்.

7. அறிவியல் நிலையங்களிற் பதப்படுத்தும் முறை

பின்வருவன மாணவர் அறிதற்பொருட்டுக் கூறப்படுகின்றன, பாடசாலையில் செய்துபார்ப்பதற்கல்ல. பார்மலின் கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும் நஞ்சு. அதன் சத்தாகிய பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் முடிவு செய்தது. அனுமதி பெற்ற கல்லூரிகளில், கையுறையும் கண்காப்பும் அணிந்து, காற்றோட்டமுள்ள அறையிலேயே இதனைக் கையாள்வர்.

பார்மலின் வருமுன் சாராயமே பதத் திரவமாயிருந்தது. 1893-ல் பெர்டினாண்டு புளூம் என்னும் ஜெர்மானிய மருத்துவர் பார்மால்டிஹைடு திசுக்களை இறுகச் செய்வதைக் கண்டறிந்தபின் உலகெங்கும் முறை மாறியது.

முதலாவதாக, உடல் புதியதாயின் சிறு தசைத்துணுக்கு ஒன்று வெட்டப்பட்டு 95 சதவீத ஆல்கஹாலில் தனியே வைக்கப்படும். மரபணு ஆராய்ச்சிக்கு இதுவே உதவும்; பார்மலின் பட்ட தசையிலிருந்து மரபணுவை எடுத்தல் மிகக் கடினம். பின்னர் தலைநுனியிலிருந்து கழிவாய் வரையிலும், கழிவாயிலிருந்து வால்நுனி வரையிலும் அளப்பர். வயிற்றுச் செதிள்களையும் வாலடிச் செதிள்களையும் எண்ணுவர்.

இரண்டாவதாக, கடையிற் கிடைக்கும் செறிந்த பார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் கலக்கப்படும். இத்திரவம் உடலினுள் பல இடங்களில் ஊசியாற் செலுத்தப்படும். அல்லது வயிற்றிற் சிறு கீறல்கள் இடப்படும். அவ்வாறு செய்யாவிடின் புறம் இறுகி, உட்புறம் அழுகிவிடும். இறுகியபின் வடிவத்தை மாற்ற இயலாதாகையால், ஜாடிக்குள் அடங்குமாறு வயிறு வெளிப்புறம் தெரியச் சுருட்டியே திரவத்தில் இடுவர். சிறிய பாம்புக்கு இரண்டு மூன்று நாட்களும், பெரியதற்கு ஏறத்தாழ ஒரு வாரமும் அதற்கு மேலும் வேண்டும்.

மூன்றாவதாக, பலமுறை நீர் மாற்றி ஊறவைத்துப் பார்மலினை நீக்கியபின், படிப்படியாக 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுவர். ஜாடியில் உடலை அடைத்துத் திணிக்காமல் திரவம் மிகுதியாக இருக்குமாறு செய்வர். ஆல்கஹால் ஆவியாகிக் குறையுமாதலால் ஆண்டுதோறும் பார்த்து நிரப்புவர். சீட்டு பருத்திக் கந்தற் காகிதத்தில் பென்ஸிலால் எழுதப்பட்டு, பருத்தி நூலாற் பாம்பின் உடலிலேயே கட்டப்படும். பேனா மை ஆல்கஹாலிற் கரைந்து போகும். ஜாடியின் வெளியே ஒட்டிய சீட்டோ ஒருநாள் உதிர்ந்து போகும்.

உடல் பாதிக்கு மேல் நசுங்கியிருப்பின் திரவத்தில் இடுவதாற் பயனில்லை. அத்தகையதை நுண்ணிய கொசுவலைத் துணியிற் கட்டி, மண் நிரப்பிய பானையிற் புதைத்துச் சில மாதங்கள் விட்டால், மண்ணிலுள்ள புழுக்களும் நுண்ணுயிர்களும் தசையைத் தின்று எலும்பை எஞ்சவிடும். பாம்பின் முதுகெலும்பில் இருநூறு முதல் நானூறு வரை முள்ளெலும்புகள் இருப்பதால், வலையில்லாது புதைத்தால் அவற்றைத் திரும்பச் சேர்ப்பது அரிதாகும். கொதிக்கவைத்தலும் வெளுக்கும் தூள் இடுதலும் எலும்பைப் பொடியாக்கும். மெல்லிய ஹைட்ரஜன் பெராக்ஸைடில் சிறிது நேரம் நனைத்தலே போதும். பழைய காட்சிசாலைகளில் தோலுக்குத் தடவிய பாஷாண சவுக்காரம் ஆர்ஸனிக் நஞ்சு கலந்தது; பழைய பதப்பொருள்களைத் தொடுவோர் இதனை அறிதல் நலம்.

சென்னை எழும்பூர் அரசு காட்சிசாலை 1851-ல், எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவரை முதற்பொறுப்பாளராகக் கொண்டு தொடங்கப்பட்டது. பாடசாலைகள் மாணவரை அங்கே அழைத்துச் சென்று, மேற்கூறிய முறைகளாற் காக்கப்பட்ட பிராணிகளை நேரிற் காட்டுதல் நன்மை தரும்.

8. ஓர் உதாரணம்

வாலாஜாபாத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில், கார்த்திகை மாதத்துக் காலையொன்றில், காலனித் தெருவுக்குச் செல்லும் சாலையில் பட்டைப் பாம்பொன்று இறந்து கிடப்பதாகக் கொள்க. "இது வீட்டுக்குள் வரும் சாதுப் பாம்பு" என்கின்றனர் சிலர். உபாத்தியாயர் பிள்ளைகளை விலக்கி நிறுத்தித் தொலைவிலிருந்தே படமெடுக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க, முதுகின் நடுவரிசைச் செதிள்கள் அறுகோணமாய்ப் பெரியனவாக உள்ளன. பட்டைகள் வால்புறம் தெளிவாக உள்ளன. அது கட்டு விரியன். அவர் வனத்துறைக்கு அறிவிக்கிறார், பின்வருமாறு குறிப்பெழுதுகிறார்:

எண் 7. கட்டு விரியன். காலை 6.10 மணி. ஊர்ச் சாலை, ஏரி மதகிலிருந்து 40 மீட்டர். கிழக்கே வயல், மேற்கே குடியிருப்பு. இரவில் மழை. உடல் புதியது, தலை நசுங்கவில்லை. நீளம் அடிக்கோலின்படி ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். தொடவில்லை. வனத்துறைக்கு அறிவிக்கப்பட்டது.

இக்குறிப்பின் பயன் அத்துடன் முடிவதில்லை. கட்டு விரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும். கடிவாயில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. உறங்குபவர் எறும்புக்கடி என்று எண்ணித் திரும்பவும் உறங்கிவிடுவதுண்டு. வயிற்றுவலி, இமை சரிதல், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றும் வேளையில் காலம் கடந்திருக்கலாம். அப்பாம்பு குடியிருப்பிலிருந்து கூப்பிடு தொலைவில் கிடந்தது என்பதை அன்று மாலையே தெருவார்க்குச் சொல்லி, கட்டிலில் உறங்கவும், தரையிற் படுப்போர் கொசுவலையின் ஓரங்களைப் பாயின் கீழ்ச் செருகிக்கொள்ளவும், இரவில் விளக்கின்றி வெளியேறாமலிருக்கவும் கூறுவாராயின், அந்த எழுத்து ஓர் உயிரைக் காத்ததாகலாம்.

9. நினைவிற் கொள்ளத்தக்கவை

இறந்த பாம்பின் தலையைத் தொடாதே. கண்டதை எடுக்காதே, குறித்து அறிவி. தெரியாத பெயரை எழுதாதே. இடமும் நாளும் இல்லாத குறிப்பு குறிப்பன்று. குறிப்பேட்டின் பிரதியொன்றை ஆண்டுதோறும் வனத்துறைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அனுப்பு. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் இறப்பு நேருமாயின், வேகத்தடை வேண்டிப் பஞ்சாயத்து வாயிலாக நெடுஞ்சாலைத் துறைக்கு விண்ணப்பம் செய்.

வினாக்கள்

1. இறந்த பாம்பு கடிக்கக்கூடியதற்குக் காரணம் யாது?

2. கட்டு விரியனையும் ஓநாய்ப் பாம்பையும் வேறு பிரித்தறியும் குறிகள் மூன்றினைக் கூறுக.

3. சாலையில் இறந்து கிடக்கும் வனஉயிரினம் எவருடைய உடைமை? அது ஒருவர் கையில் வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் அறிவித்தல் வேண்டும்?

4. ஒன்றும் கிடைக்காத நாளிலும் குறிப்பெழுத வேண்டுவது ஏன்?

5. உங்கள் ஊரில் ஏரியும் வயலும் இருபுறமும் அமைந்த சாலைப் பகுதிகளை வரைபடத்தில் குறித்து, அங்கே எம்மாதங்களில் தேடுதல் தகும் என்பதை எழுதுக.